விடி முடிச்சு சில நேரம் வழுக்குது, சில நேரம் இறுகுது: இதே செட்டோடு ஒற்றைக் கயிற்றுக்கு மாறலாமா?

கிளைதாண்டி

வணக்கம். நான் மரம் ஏறுவது எம்ஆர்எஸ் முறையில், அதாவது கயிறு கவையை (கிளை பிரியும் இடத்தை) தாண்டி வந்து இரண்டு பக்கமும் ஹார்னஸில் (இடுப்பில் மாட்டும் பட்டையில்) சேரும் பழைய முறை. செட் இது: 11.7 மி.மீ. கயிறு 45 மீட்டர், இரு முனையிலும் கண் வைத்த 8 மி.மீ. கார்டு (முடிச்சுப் போடும் மெல்லிய துணைக் கயிறு) 80 செ.மீ., ஏறுகயிற்றைக் கவ்வும் விடி (VT) உராய்வு முடிச்சு 4 சுற்று 2 பின்னல், கீழே ஹிட்ச் கப்பி. கருவிகளோடு என் எடை 80 கிலோ. கேம்பியம் சேவர் (கயிறு மரத்தில் உரசாமல் கவையில் மாட்டும் வளையப் பட்டை) இன்னும் வாங்கவில்லை, கயிறு நேராகக் கவையில்தான் ஓடுகிறது.

சிக்கல் இரண்டு. நேராக மேலே ஏறி உட்கார்ந்தால் முடிச்சு கல் மாதிரி இறுகிவிடுகிறது, இரண்டு கையாலும் இழுத்தால்தான் விடுகிறது. அதே முடிச்சு, கிளையில் வெளியே நடந்துபோய்ச் சாய்ந்தால் ஒரு சாண் அளவுக்கு வழுக்கிவிட்டுத்தான் பிடிக்கிறது. ஒரு சுற்று கூட்டினால் முதல் சிக்கல் அதிகமாகிறது, குறைத்தால் இரண்டாவது பயமுறுத்துகிறது. ஒரே முடிச்சு ஏன் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது?

அடுத்த கேள்வி: உயரமான மரங்களுக்கு எஸ்ஆர்எஸ், அதாவது கயிற்றை அடிமரத்தில் கட்டிவிட்டு ஒற்றைக் கயிற்றில் ஏறும் முறைக்கு மாற நினைக்கிறேன். இதே கார்டு, இதே முடிச்சு போதுமா? போதாது என்றால் ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அது கூடாது" என்று மட்டும் எல்லாரும் சொல்கிறார்கள்.

---

உச்சாணிக்கொம்பு

முடிச்சைக் குறை சொல்லாதீர்கள், அது தன் மேல் வரும் பாரத்துக்கு ஏற்றபடிதான் நடந்துகொள்கிறது. கோளாறு கவையில் இருக்கிறது.

80 கிலோ இரண்டு பக்கமும் பிரிந்து 40, 40 என்று நிற்கும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். கப்பி மேல் கயிறு ஓடினால் கிட்டத்தட்ட அப்படித்தான். பட்டை மேல் ஓடினால் கதையே வேறு. கயிறு கவையை அரைச்சுற்று சுற்றுகிறது. உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு பக்க இழுப்பு இன்னொரு பக்கத்தைப்போல் ஏறக்குறைய 2.5 மடங்கு ஆகும் வரை கயிறு நகராமல் நிற்கும். அதாவது 80 கிலோ என்பது 58, 22 என்று பிரிந்து நிற்கலாம்.

எந்தப் பக்கம் 58 என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. மேலே ஏறும்போது முடிச்சு இருக்கும் பக்கத்தைக் கீழே இழுத்துக் கயிற்றைக் கவை மேல் ஓட்டுகிறீர்கள். ஏறி உட்காரும்போது அந்த இழுப்பு அந்தப் பக்கமே மாட்டிக்கொள்கிறது. முடிச்சுக்கு 58 கிலோ, அதனால் கல் மாதிரி இறுகுகிறது. கிளையில் வெளியே நடக்கும்போது இதற்கு நேர்மாறு: முடிச்சைத் திறந்து கயிற்றை விட்டுக்கொண்டே போகிறீர்கள், கயிறு கவை மேல் எதிர்த்திசையில் ஓடுகிறது. இப்போது ஹார்னஸில் கட்டிய முனைக்கு 58, முடிச்சுக்கு வெறும் 22. அந்தப் பாரத்தில் 4 சுற்று சரியாகக் கவ்வாது, கொஞ்சம் வழுக்கி, பின்னல்கள் நீண்டு இறுகிய பிறகுதான் பிடிக்கும். 22-க்கும் 58-க்கும் ஒரே முடிச்சை ட்யூன் செய்யவே முடியாது. சுற்றைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து நீங்கள் சலித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

முதலில் ஒரு கேம்பியம் சேவர் வாங்குங்கள். இரண்டு வளையம் வைத்த சாதாரண பட்டையே போதும். உலோகத்தில் உராய்வு குறைவு, 0.15 என்று வைத்தால் 49, 31 என்று பிரியும். ஒரு பக்கம் கப்பி வைத்தது என்றால் இன்னும் சமமாகும். மரத்தின் பட்டையும் தேயாது. மெல்லிய பட்டை உள்ள மரத்தில் ஓடும் கயிறு பட்டையைக் கிழித்துக் கீழிருக்கும் உயிருள்ள அடுக்கு வரை அறுத்துவிடும், கயிற்றின் உறையும் பிசின் ஏறிப் பாழாகும்.

சேவரைக் கீழிருந்தே கழற்ற ஒரு விஷயம் கவனியுங்கள். ஒரு வளையம் பெரியது, ஒன்று சிறியது. கயிற்றை உருவும்போது மேலே போகும் முனை முதலில் பெரிய வளையத்துக்குள் நுழைய வேண்டும். அந்த முனையில் பெரிய வளையத்தில் நுழைந்து சிறியதில் சிக்கும் அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டு இழுத்தால் சேவரும் கூடவே இறங்கும். மாற்றிப் போட்டிருந்தால் முடிச்சு சிறிய வளையத்தின் வெளிப்பக்கமே சிக்கி நிற்கும், சேவருக்காக மறுபடி ஏற வேண்டியதுதான். இறங்கும் வளையம் நேராகத் தலையில் விழும் எடைதான், ஹெல்மெட்டோடு தள்ளி நின்று இழுங்கள்.

---

நார்க்கயிறு

கொம்பு சொன்னது சரி, ஆனால் உங்கள் கார்டிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

80 செ.மீ. நீளத்துக்கு 4 சுற்று 2 பின்னல் என்பது தொளதொள என்று இருக்கும். பாரம் இல்லாதபோது கப்பி முடிச்சைக் கீழிருந்து தள்ளுகிறது. உட்கார்ந்ததும் முடிச்சுக்கும் காராபைனருக்கும் (ஹார்னஸில் மாட்டும் பூட்டுக் கொக்கிக்கும்) நடுவில் உள்ள கால்கள் இரண்டும் முழு நீளத்துக்கு நீள்கின்றன. அந்த நீட்சி அத்தனையும் நீங்கள் கீழே இறங்கும் தூரம். நீங்கள் சொல்லும் ஒரு சாணில் பாதி வழுக்கலாக இருக்கும், மீதி வெறும் நீட்சிதான். அதே கார்டில் 5 சுற்று 3 பின்னல் போட்டுப் பாருங்கள், அல்லது 4-2 பிடித்திருந்தால் 70 முதல் 75 செ.மீ. கார்டு எடுங்கள். முடிச்சின் கடைசிப் பின்னல் கப்பியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் நீளம்தான் சரியான நீளம்.

சுற்றும் பின்னலும் ஒரே வேலை செய்வதில்லை. மேலே உள்ள சுற்றுகள் கவ்வுவதற்கு. கீழே உள்ள பின்னல்கள் கைக்கு மெதுவாக விடுவதற்கு. வழுக்கினால் சுற்றைக் கூட்டு, திடீரென்று விட்டுத் திடீரென்று பிடித்தால் பின்னலைக் கூட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கியே சோதி. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்து, கையால் இறுக்கிவிட்ட பிறகுதான் எடையைக் கொடுக்க வேண்டும். புதுக் கார்டு, புதுக் கயிறு இரண்டும் முதலில் வழுக்கும். மழையில் நனைந்தால் சில கார்டுகள் இறுகும், சில வழுக்கும். நனைந்த அன்று காலையிலேயே தாழ்வாகத் தொங்கிப் பார்த்துவிடுங்கள்.

8 மி.மீ. கார்டு 10 மி.மீ. கார்டைவிட நன்றாகக் கவ்வும், அதே காரணத்தால் இறுகியும் போகும். சீக்கிரம் சூடும் ஆகும். கையுறை தடிமனாக இருப்பவர்கள், 80 கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் 10 மி.மீ. எடுத்து ஒரு சுற்றைக் கூட்டுவது நல்லது என்பது என் கட்சி.

கார்டின் உறை எதனால் ஆனது என்று பாருங்கள். எதிலும் சமரசம் செய்யலாம், இதில் கூடாது. டைனீமா வகை நார் சுமார் 145 டிகிரி செல்சியஸிலேயே உருகும். நைலான் வகையைப் பொறுத்து 220 முதல் 260. பாலியெஸ்டர் 250-ஐ ஒட்டி. அராமிட் உருகவே உருகாது, இன்னும் அதிக வெப்பத்தில்தான் கருகிச் சிதையும். அதனால்தான் உராய்வு முடிச்சுக்கு உறையில் அராமிட் உள்ள கார்டு. உறுதி அதிகம் என்று டைனீமாவை வாங்கி முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு, அது வேறு வேலைக்கான நார். ஆனால் அராமிட்டுக்கும் பலவீனம் உண்டு: வெயிலும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடிவதும் ஆகாது. கார்டு என்பது தேய்ந்து தீரும் பொருள். உறை பளபளவென்று கெட்டிப்பட்டிருந்தால், உறைக்குள்ளிருந்து வேறு நிற நார் எட்டிப் பார்த்தால், விரலால் உருட்டும்போது ஒரு இடத்தில் மட்டும் மெலிந்து தட்டையாக இருந்தால், அன்றைக்கே வெட்டிக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்துக் கட்டுவார்கள்.

---

கப்பிக்காரர்

எஸ்ஆர்எஸ் கேள்விக்கு வருகிறேன்.

ஒற்றைக் கயிற்றில் முழு 80 கிலோவும் முடிச்சின் மேல். உராய்வு முடிச்சு பாரம் ஏற ஏறத் தானே இறுகும் சாதனம். 58 கிலோவுக்கே இரண்டு கை வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். 80-க்கு அது விடவே விடாது; விட்டால் ஒரேயடியாக விடும், அப்புறம் மறுபடி கவ்வும். இறங்குவது படியில் உருண்டு விழுவது மாதிரி இருக்கும்.

"முடிச்சு எரிந்துபோகும்" என்று காரணம் சொல்வார்கள். அது அரை உண்மை. 80 கிலோ 10 மீட்டர் இறங்கினால் சுமார் 7,840 ஜூல் எங்காவது வெப்பமாக மாறித்தான் ஆக வேண்டும். எஸ்ஆர்எஸ்ஸில் 80 கிலோ இழுப்பில் 10 மீட்டர் கயிறு முடிச்சுக்குள் ஓடுகிறது. மேலே நல்ல கப்பி வைத்த எம்ஆர்எஸ்ஸில் 40 கிலோ இழுப்பில் 20 மீட்டர் ஓடுகிறது. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். வெறும் கவையில் மட்டும் பட்டை தன் பங்கை வாங்கிக்கொள்ளும், மேலே சொன்ன 22 கிலோ கணக்கில் முடிச்சுக்கு 4,400 ஜூல்தான் வரும். ஆகவே கிளைதாண்டி, நீங்கள் சேவர் வாங்கிய முதல் நாள் இறக்கத்தில் முடிச்சு பழையதைவிடச் சூடாகும். மெதுவாக இறங்குங்கள், சுற்றுகளையும் புதிதாக ட்யூன் செய்யுங்கள். கொம்பு இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

எஸ்ஆர்எஸ்ஸுக்கு வேண்டியது முடிச்சுக்கு மேலே பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும் சாதனம். ரோப் ரென்ச் அதைத்தான் செய்கிறது. முடிச்சுக்கு மேல் கயிற்றைக் கொஞ்சம் வளைத்துப் பிடிக்கிறது. உட்கார்ந்ததும் அதன் இணைப்புப் பட்டை இழுபட்டு ரென்ச் சாய்ந்து கயிற்றைக் கவ்வுகிறது. எடையை எடுத்தால் நிமிர்ந்து சும்மா நிற்கிறது, முடிச்சை மேலே தள்ளலாம். இணைப்புப் பட்டை விறைப்பாக இருக்க வேண்டும் என்பது அலங்காரத்துக்கு இல்லை. தொய்வான பட்டை போட்டால் ரென்ச் மடிந்து முடிச்சின் மேலேயே விழும், முடிச்சைத் தள்ளித் திறந்துகூட விடும். இன்னொன்று: உயிரைத் தாங்குவது முடிச்சுதான், ரென்ச் உதவிக்கு வந்தது. முடிச்சு தனியாக 80 கிலோவைப் பிடித்து நிற்கிறதா என்று தாழ்வாகச் சோதித்த பிறகு ரென்சை மாட்டுங்கள். இயந்திர வகை வேண்டுமென்றால், ஜிக்ஜாக்கை அதற்கென்று உள்ள சிகேன் என்னும் துணைச் சாதனம் இல்லாமல் ஒற்றைக் கயிற்றில் பயன்படுத்தவே கூடாது. காரணம் இதே கணக்குதான்.

ஏறுவதற்குக் கால் அசென்டர் (கயிற்றில் மேலே மட்டும் நகரும் பிடிப்பான்) ஒன்று, முழங்கால் அசென்டர் ஒன்று, முடிச்சைத் தானே மேலே இழுத்துவர மார்பு அல்லது தோள் பட்டை ஒன்று. கை இழுக்கிற வேலை இல்லை, மாடிப்படி ஏறுகிற நடைதான். 20 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தில் இதன் அருமை தெரியும். 6 மீட்டர் மரத்தில் கத்தரிக்கப் போகிறவருக்கு எம்ஆர்எஸ் போதும், செட் மாட்டும் நேரத்தில் வேலையே முடிந்துவிடும்.

இப்போது அடிமர ஆங்கர், அதாவது கயிற்றை அடிமரத்தில் கட்டி நிறுத்துவது. எஸ்ஆர்எஸ் பேசுகிறவர்கள் ஏறும் சுகத்தைத்தான் பேசுவார்கள், கிளை என்ன சுமக்கிறது என்பதைப் பேச மாட்டார்கள். கயிறு அடிமரத்திலிருந்து மேலே போய், கவையைத் தாண்டி உங்களிடம் வருகிறது. உங்கள் பக்கம் 80, அடிமரப் பக்கம் அதைப் பிடித்து நிறுத்த இன்னொரு 80. கவைக்கு 160. பட்டை உராய்வு கொஞ்சம் குறைக்கும், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஏறும்போது உடல் குலுங்கும் ஒவ்வொரு குலுக்கலும் அங்கே இரட்டிப்பாகத்தான் போய்ச் சேரும். கயிற்றை உச்சியிலேயே கட்டினால் கவைக்கு 80 மட்டும். ஆக, மேல் கவை மெலிதாக இருந்தால் உச்சியில் கட்டுங்கள்.

உச்சியில் கட்ட ஏறத் தேவையில்லை. கவைக்கு மேல் கயிறு போன பிறகு ஒரு முனையில் ரன்னிங் போலைன் என்னும் சுருக்கு முடிச்சைப் போட்டுக் கீழிருந்தே இழுத்து இறுக்கலாம், அல்லது ஆல்பைன் பட்டர்ஃப்ளை என்னும் முடிச்சின் கண்ணுக்குள் கயிற்றை விட்டு இழுக்கலாம். கண்ணில் காராபைனரை வைத்துச் சுருக்குப் போடுகிறவர்கள் கவனிக்க: கிளையின் வளைவில் காராபைனர் படிந்தால் பாரம் அதன் வாயில் குறுக்காக விழும். அங்கே திருகுக் கண்ணி வையுங்கள், அல்லது உலோகமே இல்லாமல் முடிச்சோடு நிறுத்துங்கள். கண்ணில் ஒரு இழுகயிற்றையும் சேர்த்துக் கட்டி மேலே அனுப்ப மறக்காதீர்கள், வேலை முடிந்து கயிற்றை இறக்க அதுதான் வழி.

அடிமர ஆங்கருக்கு ஒரு பெரிய லாபம் உண்டு: மேலே மயங்கினாலும் கீழே இருப்பவர் உங்களை இறக்கலாம். ஆனால் அடிமரத்தில் வெறும் முடிச்சுப் போட்டால் அந்த லாபம் இல்லை. ஸ்லிங் (மரத்தைச் சுற்றும் பட்டை), அதில் பாரத்தோடு விடக்கூடிய டிசென்டர் அல்லது எட்டு வடிவ வளையம், அதைக் கட்டிப் பூட்டி, மீதிக் கயிற்றைப் பையில் வைக்க வேண்டும். எவ்வளவு மீதி? கவை உயரம் 14 மீட்டர் என்றால் ஏறும் பக்கம் 14, அடிமரப் பக்கம் 14, இறக்குவதற்கு 14. மொத்தம் 42, முடிச்சுகளுக்கு மேலும் கொஞ்சம். உங்கள் 45 மீட்டர் கயிறு அந்த உயரத்துக்குத்தான். 20 மீட்டர் மரத்துக்கு 60 மீட்டருக்கு மேல் வேண்டும்.

பிறகு ரம்பம். அடிமரப் பக்கக் கயிறு உங்கள் முதுகுக்குப் பின்னால், தண்டின் மறுபக்கம் ஓடும். கண்ணில் படாத கயிறு வெட்டுப்படும். கீழே நிற்பவரின் ரம்பமும், விழும் கிளையும் அதே கயிற்றைத் தேடி வரும். செயின்சா எடுக்கும் வேலை என்றால், ஏறிப் போய் உச்சியில் கட்டிக்கொண்டு அடிமர ஆங்கரை விட்டுவிடுங்கள். எந்த முறையாக இருந்தாலும், ரம்பம் ஓடும்போது கயிறு ஒன்று, லேன்யார்ட் (மரத்தைச் சுற்றி ஹார்னஸில் மாட்டும் குட்டைக் கயிறு) ஒன்று என்று இரண்டு பிடிமானம் கட்டாயம். உள்ளே எஃகு வைத்த லேன்யார்ட் கைரம்பத்தைக் கொஞ்ச நேரம் தாங்கும், செயின்சாவைத் தாங்காது. மின்கம்பிக்குப் பக்கத்தில் அந்த எஃகே எமன்.

---

கிளைதாண்டி

ரொம்ப நன்றி. 58, 22 கணக்கைப் பார்த்தபிறகு எல்லாம் புரிகிறது. சேவரும் 10 மி.மீ. கார்டும் முதலில், ரென்ச் அடுத்தது.

இன்னும் இரண்டு: 160 கிலோ தாங்கும் கவை என்று கீழிருந்து எப்படி முடிவு செய்வது? பழைய ஏறுகயிறு ஒன்று இருக்கிறது, உறை நைந்துவிட்டது. அதைக் கிளை இறக்கப் பயன்படுத்தலாமா?

---

எறிபை

கவைக்கு நான் பதில் சொல்கிறேன்.

தடிமன் 10 செ.மீ.க்குக் குறையாமல் என்பது ஒரு தோராயக் கணக்கு, அதுவும் வைரம் பாய்ந்த, பச்சையாக உயிரோடிருக்கும் மரத்துக்கு. மெத்தென்ற, எளிதில் முறியும் இனத்துக்கு அதைக் கூட்ட வேண்டும். தடிமனைவிடக் கவையின் வடிவம் முக்கியம். அகலமாக விரிந்து, சேருமிடத்தில் பட்டை மேல்நோக்கிப் புடைத்து வரம்பு கட்டியிருந்தால் நல்ல கவை. ஒடுங்கி, இரண்டு கிளைக்கும் நடுவே பட்டை உள்ளே மடிந்து கோடு போலிருந்தால் அங்கே மரத்தோடு மரம் சேரவே இல்லை என்று பொருள், எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வேண்டாம். கயிறு தனிக் கிளையின் மேல் மட்டும் தொங்காமல் தண்டை ஒட்டிக் கவையின் அடியில் உட்கார வேண்டும். பைனாகுலர் எடுத்து எல்லாப் பக்கமும் நடந்து பாருங்கள்: காளான், பொந்து, காய்ந்த நுனி, பழைய முறிவு, பட்டை உரிந்த திட்டு. அடிமரத்தை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் இதில் சேர்த்தி, மேலே எல்லாம் நன்றாக இருந்து கீழே கூடாக இருக்கும் மரங்கள் உண்டு.

அடுத்தது, கயிறு நீங்கள் நினைத்த கவையில்தான் கிடக்கிறதா? இலை அடர்ந்த மரத்தில் எறிபை (எறிகயிற்றின் முனையில் கட்டும் எடைப்பை) மூன்று கிளை தாண்டி விழுந்திருக்கும், கீழிருந்து பார்த்தால் ஒன்று மாதிரி தெரியும். மேல் கிளை முறிந்தால் அடுத்த கிளை பிடிக்கும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பிடிக்கலாம், அதற்குள் நீங்கள் எவ்வளவு தூரம் விழுந்திருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே கவைக்குள் கொண்டுவர: பையைத் தரை வரை இறக்காமல், வேண்டிய கவைக்குச் சற்றுக் கீழே வரும்வரை எறிகயிற்றை மெதுவாக இழுத்து, பை மற்ற கிளைகளைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் ஆடவிட்டுத் தண்டின் சரியான பக்கமாக இறக்குங்கள். பை கவையை முட்டும்போது சட்டென்று இழுத்தால் அது மாட்டிக்கொள்ளும், அல்லது துள்ளி மேலே போய்ச் சுற்றிக்கொள்ளும். 2 மி.மீ. வழுக்கும் எறிகயிறு, 300 முதல் 350 கிராம் பை, பெரும்பாலான மரத்துக்கு இது போதும். பட்டை சொரசொரப்பாக இருந்து பை தானே இறங்காவிட்டால் 450 கிராம் போடுங்கள், உயரம் கொஞ்சம் குறையும்.

கயிறு ஏறியதும் இரண்டு பேர் ஒன்றாகத் தொங்கி நன்றாகக் குதித்துப் பாருங்கள். தாங்கினால் ஒருவரை நிச்சயம் தாங்கும்.

---

உச்சாணிக்கொம்பு

எறிபை சொன்ன கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பேர் தொங்குவது சரி. அடிமர ஆங்கரில் இரண்டு பேர் 150 கிலோ என்றால் கவைக்கு 300 கிலோ வரை போகும், அது போதுமான சோதனை. அதற்கு மேல் குதிப்பது கிளையைச் சோதிப்பது இல்லை, அரைகுறையாகப் பிளந்துவிட்டு அதிலேயே ஏறுவது. முழுசாக முறிந்தால் தப்பித்தோம், உள்ளே கீறல் விட்டு நின்றால்? மெதுவாக எடையை ஏற்றி, எடை முழுதும் கயிற்றில் வரும்படி சில நொடி சாய்ந்து தொங்கி, கவையையே பார்த்துக்கொண்டு லேசாக இரண்டு முறை அசைத்தால் போதும். நெறிநெறி என்று சத்தம் வந்தால் வேறு கவை. சோதிக்கும்போது கிளைக்கு நேர் கீழே நிற்காதீர்கள், முறிந்தால் அது வந்து விழும் இடம் அதுதான். கயிற்றைத் தள்ளிப் பிடித்துச் சாய்ந்து நில்லுங்கள்.

திசைமாற்றும் கவைகளுக்கும் ஒரு கணக்கு. ஒற்றைக் கயிற்றில் வெளியே போகும்போது வழியில் ஒரு சின்னக் கவையில் கயிற்றைப் போட்டுக்கொண்டு போவீர்கள். கயிறு அங்கே 60 பாகை திரும்பினால் அந்தச் சின்னக் கவைக்கும் 80 கிலோ போகும். 120 பாகை திரும்பினால் ஏறக்குறைய 140. எந்தத் திசையில் என்றால், கயிற்றின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் சாய்வாக. நேர் கீழாக அமுக்கினால் தாங்கும் கிளை பக்கவாட்டில் இழுத்தால் கவையோடு பிய்ந்து வரும். விரல் தடிமனில் கிடைத்த குச்சியில் எல்லாம் கயிற்றைப் போடும் பழக்கம் எம்ஆர்எஸ்ஸிலிருந்து வருகிறவர்களுக்கு உண்டு, அங்கே ஒவ்வொரு திருப்பமும் உராய்வைக் கூட்டிக் கயிற்றை ஓடவிடாமல் தானே எச்சரித்துவிடும். எஸ்ஆர்எஸ்ஸில் கயிறு ஓடுவதில்லை, அதனால் எச்சரிக்கையும் இல்லை.

---

நார்க்கயிறு

பழைய ஏறுகயிறு: கிளை இறக்கவும் வேண்டாம். உறை நைந்த கயிற்றின் பலம் இப்போது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கிளை இறக்குவது ஏறுவதைவிடக் கடுமையான வேலை. 30 செ.மீ. விட்டம், 1.2 மீட்டர் நீளம் உள்ள பச்சைத் துண்டு, ஒரு கன மீட்டர் 1,000 கிலோ என்று வைத்தால் சுமார் 85 கிலோ. வெட்டுக்குக் கீழே பிளாக் (பெரிய கப்பி) கட்டி இறக்கினால் துண்டு முதலில் கீழே விழுந்துதான் கயிற்றில் மாட்டும், அந்த நொடியில் கயிற்றுக்கு வருவது 85-ன் பல மடங்கு. பிளாக்கைக் கட்டிய ஸ்லிங்குக்கு அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. அதனால்தான் ரிக்கிங் (கிளை இறக்கும்) கயிற்றுக்கு அறுபடும் பலத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலைப் பாரமாக வைப்பது. ஏறுகயிறு நீட்சி குறைந்தது, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது. மறுதிசையிலும் இதே சட்டம்: ஒரு முறை கிளை இறக்கிய கயிற்றில் மனிதன் ஏறக்கூடாது. நிறம் மாற்றி வாங்கினால் குழப்பம் வராது.

நைந்த கயிற்றை 2 மீட்டர் துண்டுகளாக வெட்டி முடிச்சுப் பழக வைத்துக்கொள்ளலாம், ரம்பத்தைத் தரையிலிருந்து மேலே இழுக்கக்கூட நான் விடமாட்டேன். பழகுகிற முதல் முடிச்சு பிளேக்ஸ் ஆக இருக்கட்டும். மேலே இருக்கும்போது கார்டு கெட்டால் கயிற்றின் வாலிலேயே போட்டு இறங்கக்கூடியது அதுதான், எம்ஆர்எஸ்ஸில். மேல்நோக்கி 4 சுற்று, வால் தன் சொந்தக் கயிற்றின் முன்னால் இறங்கி, ஏறுகயிற்றுக்குப் பின்னால் போய், கீழ் இரண்டு சுற்றுக்கு அடியில் வெளியே வரவேண்டும். சொந்தக் கயிற்றைத் தாண்டாமல் நேராக உள்ளே நுழைத்தால் பார்க்க அச்சாக அதே முடிச்சுதான், ஆனால் பாரத்தில் உருண்டு கழன்றுவிடும். வாலில் எட்டு முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள்.

அந்த எட்டு முடிச்சு ஏறுகயிற்றின் கடைசி முனையிலும் எப்போதும் இருக்கவேண்டும். 45 மீட்டர் கயிறு எம்ஆர்எஸ்ஸில் 20 மீட்டர் கவைக்குச் சரியாக இருக்கும். 23 மீட்டர் கவையில் தரை வருமுன் கயிறு தீரும், முனையில் முடிச்சு இல்லையென்றால் உராய்வு முடிச்சு அதைக் கடந்து போய்விடும்.

---

கிளைதாண்டி

பழைய கயிற்றை இப்போதே வெட்டிவிடுகிறேன். ஒரு சின்ன சந்தேகம்: ரென்சுக்கும் இதே 10 மி.மீ. கார்டு, இதே 5-3 போதுமா?

---

கப்பிக்காரர்

கார்டு போதும், எண்ணிக்கை அப்படியே போதும் என்று சொல்ல முடியாது. ரென்ச் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் முடிச்சுக்கு வரும் பாரம் எம்ஆர்எஸ்ஸில் வருவதோடு ஒத்துப்போகாது, கயிற்றின் தடிமனையும் பொறுத்தது. 5-2ல் தொடங்குங்கள். முதல் சோதனை ரென்ச் இல்லாமல், தரைக்கு ஒரு முழம் மேலே: முடிச்சு மட்டும் உங்களைப் பிடித்து நிற்க வேண்டும், வழுக்கினால் சுற்றைக் கூட்டுங்கள். இறங்கிவந்து ரென்சை மாட்டி இரண்டாவது சோதனை: ஒரு கையால் மெதுவாக விட வேண்டும். இறுகினால் சுற்றைக் குறைக்காமல் முதலில் கார்டு நீளத்தைப் பாருங்கள். நீளம் சரியில்லையென்றால் ரென்ச் தன் பங்கை முழுசாக எடுக்காது, மீதி எல்லாம் முடிச்சு தலையில். இரண்டு சோதனையும் தேறிய பிறகு 3 மீட்டர் உயரத்தில் இதே இரண்டையும் இன்னொரு முறை.